நாலாம் எண்ணுக்கு நன்றி சொன்னவர்கள்

செவ்வாய்க்கிழமை காலை ஒன்பது மணிக்குப் பிளம்பர் வந்திருக்க வேண்டும். வரவில்லை. வீட்டில் குழாய் எதுவும் உடையவில்லை. அவர் வருவது குஷனம்மாவின் புருஷனைக் குளிப்பாட்டுவதற்கு. கூடவே பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவரும் வருவார். ஒருவர் அக்குளுக்கடியில் கை கொடுப்பார், மற்றவர் முழங்காலுக்கடியில். ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணித் தூக்கிக் குளியலறை ஸ்டூலில் உட்கார வைப்பார்கள். இரண்டு பேருமே கிறிஸ்தவ சபை அனுப்பிய ஆட்கள். செவ்வாய், வெள்ளி என்று பதினாலு மாதமாக ஒரு நாள் தவறியதில்லை. போன வெள்ளி முதல் தடவையாகத் தவறியது. ஏதோ அவசர வேலை போலிருக்கிறது என்று அவளும் ஈரத்துணியால் துடைத்துவிட்டுச் சமாளித்தாள். இன்றைக்குமா?

சோபா, பஸ் சீட், பல் டாக்டரின் சாய்வு நாற்காலி என்று மனிதர் உட்காருகிற எதற்கும் புதிதாக மெத்தை வைத்துத் துணி தைத்துக் கொடுக்கிற கடை அவர்களுடையது. முன்னால் கடை, பின்னால் வீடு. அவர் ஃபோம் வெட்டுவார், அவள் தைப்பாள். பிள்ளைகள் இல்லை, இருவருமாகவே முப்பது வருஷத்தை ஓட்டிவிட்டார்கள். தெருவுக்கு அவள் குஷனம்மா. சபைக்கு அவர் பேஸ் அண்ணன். பாட்டுக்குழுவில் அடிக்குரல் அவருடையது. அவர் மூச்சைப் பிடித்துப் பாடினால் பெஞ்சு அதிரும்.

அந்த மனிதர்தான் பதினாலு மாதத்துக்கு முன் ஒரு மத்தியானம், பாதி வெட்டிய ஃபோமின் மேல் கத்தியோடு சரிந்தார். வலது கை போயிற்று, வலது கால் போயிற்று, பேச்சும் போயிற்று. ஒரே ஒரு வார்த்தை மிஞ்சியது. "இல்ல." பசிக்கிறதா என்றாலும் இல்ல. பசிக்கவில்லையா என்றாலும் இல்ல. உங்கள் பேர் என்ன என்று டாக்டர் கேட்டதற்கும் இல்ல. எந்த இல்ல எதற்கு என்று குரலை வைத்தே கண்டுபிடிக்க அவள் கற்றுக்கொண்டாள். ஆனால் ஒருவரிடம் இருந்த அத்தனை வார்த்தையையும் அள்ளிக்கொண்டு இதை மட்டும் விட்டுவைத்த ஆண்டவரின் விளையாட்டு அவளுக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை. அதை அவரிடமே நேராகச் சொன்னாள். தினமும் சொன்னாள். ஜெபம் பண்ணுவதை அன்றோடு நிறுத்திவிட்டாள், சபைக்குப் போவதையும். தையல் மெஷினை மிதித்துக்கொண்டே காலையிலிருந்து சாயங்காலம் வரை ஆண்டவரைத் திட்டுவது மட்டும் நடந்தது.

ஒன்பதரைக்கு அவள் பிளம்பருக்குப் போன் போட்டாள்.

"என்ன தம்பி, மறந்துட்டீங்களா?"

"அக்கா! ஸ்தோத்திரம்க்கா!" பிளம்பரின் குரலில் அப்படி ஒரு குதூகலம். "நானே போன் பண்ணணும்னு இருந்தேன். அண்ணன் எந்திரிச்சு உக்காந்துட்டாராமே! கை கூட ஆட்டினாராம்!"

"யார் சொன்னது?"

"தாள்ல போட்டிருக்காங்களேக்கா. போன வாரமே நாலாம் நம்பர் ஸ்தோத்திரப் பக்கத்துக்குப் போயிருச்சு. எங்க ரெண்டு பேரையும் ஒன்பதாம் நம்பருக்கு மாத்திட்டாங்க. இடுப்பு உடைஞ்ச ஒரு பெரியவர்க்கா, பாவம்."

குஷனம்மா போனைக் காதிலிருந்து எடுத்து ஒருமுறை பார்த்துக்கொண்டாள்.

அந்தத் தாளைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். சபையில் வாராவாரம் ஒரு ஜெபக்குறிப்புத் தாள் அச்சாகும். இடது பக்கம் விண்ணப்பங்கள், வலது பக்கம் ஸ்தோத்திரங்கள், அதாவது நன்றிகள். வேண்டுதல் வைத்தவர்களுக்கு எண் உண்டு. எண் உள்ளவர்களுக்கு உதவிக்கு ஆள் உண்டு. ஜெபத்துக்குப் பலன் கிடைத்தால் அந்த எண்ணை இடதுபக்கத்திலிருந்து எடுத்து வலதுபக்கத்தில் போடுவார்கள். எல்லோரும் கை தட்டுவார்கள். அதன்பிறகு அந்த வீட்டுக்கு யாரும் போக வேண்டியதில்லை. ஆள் இன்னொரு எண்ணுக்குப் போய்விடும். ஒழுங்கான ஏற்பாடுதான். தாளைத் தயாரிக்கிற செக்ரட்டரி முப்பத்தைந்து வருஷம் ஆபீசில் கோப்புகளை நகர்த்தி ஓய்வு பெற்றவர். எதையும் ஒரு தட்டிலிருந்து இன்னொரு தட்டுக்கு மாற்றினால்தான் அவருக்குத் தூக்கம் வரும்.

"தம்பி, அவரு எந்திரிக்கல," என்றாள். "எதுவும் மாறல."

 பிளம்பர் தடுமாறினார். "அக்கா... செக்ரட்டரி சார் பஸ்ல போகும்போது பாத்தாராம். கடை வாசல்ல அண்ணன் நிமிந்து உக்காந்து, அவரைப் பாத்துக் கை ஆட்டினாராம். நான் இப்பவே வர்றேன்க்கா, பெரியவரை முடிச்சுட்டு ஒரு மணி நேரத்துல..."

"வேண்டாம்," என்று வைத்துவிட்டாள்.

இப்போது அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. கோபம் உச்சந்தலைக்கு ஏறியதற்கு அதுவும் ஒரு காரணம். பேஸ் அண்ணன் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தது உண்மை. உட்கார வைத்தது அவள் செய்த நாற்காலி. கடையில் கிடந்த சக்கர நாற்காலி ஒன்றைப் பிரித்து, இரண்டு பக்கமும் கனமான ஃபோமில் அணைப்பு வைத்து, வழுக்கிக் கீழே இறங்காமல் தொடைகளுக்கு நடுவே ஒரு மேடு வைத்து, மார்புக்கும் இடுப்புக்கும் பெல்ட் போட்டு, அந்தப் பெல்ட் வெளியே தெரியாதபடி சட்டை நிறத்திலேயே ஒரு மேல்துணி தைத்திருந்தாள். இரண்டு மாதம் வெட்டி, பிரித்து, மறுபடி வெட்டி முடித்தது. கடைக்கு வருகிறவர்கள் அவரைப் பார்த்து உச்சுக்கொட்டக் கூடாது என்று ஒரு வீம்பு. கைகாட்டியதாகச் சொல்கிறாரே, அது இடது கை. மூக்கில் உட்கார்ந்த ஈயை ஓட்டியிருப்பார். ஈ ஓட்டின கைக்கு ஒரு சபையே எழுந்து நின்று ஸ்தோத்திரம் சொல்லியிருக்கிறது.

வீம்புக்காரிக்கு வீம்பு எங்கே போகும்? தானே குளிப்பாட்டிவிடுவது என்று இறங்கினாள்.

நாற்காலியைக் குளியலறை வாசல்வரை தள்ளினாள். பெல்ட்டை அவிழ்த்தாள். அவருடைய இடது கையைத் தன் கழுத்தைச் சுற்றிப் போட்டுக்கொண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு தூக்கினாள். ஸ்டூல்வரை போயும்விட்டாள். வெந்நீர் ஊற்றி, சோப்புப் போட்டு, முதுகைத் தேய்த்துக்கொண்டிருந்தபோது அவர் வலது பக்கமாகச் சாய்ந்தார். சோப்பு உடம்பு பிடிக்குள் நிற்குமா? அவரும் விழுந்தார், பிடிக்கப் போன அவளும் அவர் மேல் விழுந்தாள். ஸ்டூல் உருண்டு கதவில் முட்டியது.

அடி பலமில்லை. அவர் முழங்கையில் ஒரு சிராய்ப்பு, அவள் இடுப்பில் ஒரு பிடிப்பு, அவ்வளவுதான். ஆனால் எழுப்ப முடியவில்லை. மூன்று தடவை முயன்றாள். மூன்று தடவையும் அவர் கால் வழுக்கியது. நான்காவது தடவை அவளுக்கு மூச்சு இரைத்து, ஈரத் தரையிலேயே சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள். அவர் தலையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். குழாய் சொட்டிக்கொண்டிருந்தது.

"நல்லா இருக்கா?" என்று கூரையைப் பார்த்துக் கத்தினாள். "கேக்கிறேன், பாக்க நல்லா இருக்கா உமக்கு? அம்பத்தஞ்சு வயசுல ஒரு பொம்பளையையும் அவ புருஷனையும் கக்கூஸ் தரையில உருட்டிவிட்டுட்டு, அங்க உமக்கு ஸ்தோத்திரம் வேற வாங்கிக்கிறீர்? வெக்கமா இல்ல? செய்யாத வேலைக்கு நன்றி வாங்குறவரை நான் இப்பத்தான் பாக்கிறேன். நான் சீட் தைக்காம யார்கிட்டயும் கூலி வாங்கினதில்லை!"

"இல்ல," என்றார் பேஸ் அண்ணன்.

"நீங்க சும்மா இருங்க. ஏன் இப்படிப் பண்ணினீர்? ஏன்? பதினாலு மாசமா இந்த ஒரு கேள்விதான் கேக்கிறேன்."

ஏன் என்று கத்தினதும் அவளுக்கு வேறொன்று ஞாபகம் வந்து தொலைத்தது. சின்ன வயதிலிருந்து ஆயிரம் தடவை கேட்டதுதான். சிலுவையில் தொங்கினவரும் இதே கேள்வியைத்தான் கேட்டார். பிதாவே என்று வாழ்நாள் முழுக்கக் கூப்பிட்டவர் கடைசியில் ஏன் என்று அலறினார், மேலேயிருந்து ஒரு பதிலும் வரவில்லை. அது ஆறுதலாக இருக்கும் என்று யாராவது நினைத்தால் அவர்கள் அந்தக் குளியலறையில் இருந்திருக்க வேண்டும். அவளுக்கு இன்னும் பத்திக்கொண்டு வந்தது. சொந்தப் பிள்ளைக்கே பதில் சொல்லாதவர் குஷன் கடைக்காரிக்கா சொல்லப்போகிறார்?

"போதும்," என்றாள். குரல் இறங்கிவிட்டது. "இனிமே உம்மகூடப் பேச்சு கிடையாது. திட்டக்கூட மாட்டேன்."

பிறகு, யாரும் உதவிக்கு வரப்போவதில்லை என்று தெரிந்த எந்தத் தொழிலாளியும் செய்வதைச் செய்தாள். எழுந்து கடைக்குப் போய் நான்கு அங்குல ஃபோம் பலகைகளில் ஐந்தைத் தூக்கிக்கொண்டு வந்தாள். அவரை இடப்பக்கமாகப் புரட்டி, ஒரு பலகையைப் பாதி உள்ளே தள்ளினாள். வலப்பக்கமாகப் புரட்டி மறுபாதியை இழுத்தாள். ஒன்று ஆயிற்று. அதன் மேல் இன்னொன்று. பஸ் சீட்டின் அடிக்கட்டையை ஏற்றுவதும் இப்படித்தான், அவரே சொல்லிக்கொடுத்த வேலை. ஐந்தாவது பலகைக்கு அவர் நாற்காலி உயரத்துக்கு வந்துவிட்டார். அங்கிருந்து சறுக்கி உள்ளே இறக்கினாள். பெல்ட்டைப் போட்டபோது மணி பன்னிரண்டு.

சாயங்காலம் செக்ரட்டரி போன் செய்தார். பிளம்பர் அவரிடம் ஒன்றும் சொல்லியிருக்கவில்லை போலிருக்கிறது. மனிதர் தலைகால் புரியாத சந்தோஷத்தில் இருந்தார்.

"சிஸ்டர், ஞாயித்துக்கிழமை கர்த்தர் செஞ்சதை நீங்க சாட்சியாச் சொல்லணும். பிரதரையும் கூட்டிட்டு வாங்க. வேன் அனுப்பறோம். சபையே அவரைப் பாக்கக் காத்துட்டிருக்கு."

செக்ரட்டரி நல்ல மனிதர்தான். கெட்டவர்களிடம் சண்டை போட்டுவிட்டுப் போய்விடலாம், இந்த நல்ல மனிதர்களிடம் மாட்டிக்கொண்டால் வெளியே வரவே வழி கிடையாது. 

"வர்றேன்," என்றாள். "கண்டிப்பா வர்றேன்."

நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்க வேண்டும், தாளிலிருந்து அவர் பெயரை இரண்டு பக்கத்திலும் இல்லாமல் அடிக்கச் சொல்ல வேண்டும், அப்படியே வெளியே வந்துவிட வேண்டும். அந்த வாசலை அதன்பிறகு மிதிப்பதில்லை. அதை முடிவு செய்தபிறகு அவள் அந்த வாரம் முழுவதும் அமைதியாகத் தைத்தாள். வாய் திறக்கவில்லை. வெள்ளிக்கிழமை பிளம்பர் வந்து கதவைத் தட்டினார். ஈரத்துணியால் துடைத்தாயிற்று என்று ஜன்னல் வழியாகச் சொல்லி அனுப்பிவிட்டாள். மெஷின் சத்தம் மட்டும் கேட்கிற கடையில் பேஸ் அண்ணன் அடிக்கொரு தரம் அவளைத் திரும்பிப் பார்த்தார். "இல்ல?" என்று கேட்டார். அவள் மெஷினை இன்னும் வேகமாக மிதித்தாள்.

ஞாயிறு காலை வேன் வந்தது. நாற்காலியோடு அவரை ஏற்றக் கை கொடுத்த டிரைவருக்கு, பிடித்த பிடியிலேயே விஷயம் தெரிந்துவிட்டது. பதினாலு மாதம் தூக்கிய உடம்பின் கனம் தெரியாதா? அவர் முகம் விழுந்துவிட்டது.

"அக்கா..."

"வாயைத் திறக்காதீங்க தம்பி. வண்டியை எடுங்க."

சபை கூடுவது ஒரு பழைய கிடங்கில். தரைமட்டம் என்பதால் நாற்காலி நேராக உள்ளே போயிற்று. வாசலில் நுழைந்ததும் கைதட்டல் கிடங்கின் தகரக் கூரையில் போய் மோதியது. பாட்டுக்குழுவில் இரண்டு பேர் அழுதார்கள். நடுவழியில் நாற்காலியை நிறுத்திவிட்டு அவள் மைக்கைப் பிடித்தாள். பாஸ்டர் மேடையிலிருந்து சிரித்த முகத்தோடு பார்த்துக்கொண்டிருந்தார்.

"எல்லாரும் உக்காருங்க," என்றாள். உட்கார்ந்தார்கள்.

குனிந்து, சட்டை நிறத்து மேல்துணியை எடுத்தாள். அகலமான இரண்டு கறுப்புப் பெல்ட்டும் தெரிந்தன.

"இதுதான் இவரைப் பிடிச்சுட்டிருக்கு. அவிழ்த்தா விழுந்துருவாரு. செவ்வாய்க்கிழமை விழுந்தாரு, நானும் விழுந்தேன், ரெண்டு மணி நேரம் தரையில கிடந்தோம். அப்ப நீங்க அனுப்பின ஆள் யாரும் கூட இல்ல, ஏன்னா நீங்க நன்றி சொல்லி முடிச்சுட்டீங்க. பெல்ட்டை மறைச்சுத் தெச்சது நான்தான். அது என் வீம்பு, ஒத்துக்கிறேன். ஆனா பஸ் ஜன்னல்ல இருந்து பாத்து ஒரு மனுஷனைச் சுகமாக்கினது யாரு? இறங்கி வந்து, எப்படி இருக்காருன்னு ஒரு வார்த்தை கேக்க முடியலையா? உங்களுக்கு வலது பக்கத்தை நிரப்பணும். தாள் பாக்க நல்லா இருக்கணும். கர்த்தர் செய்யாததுக்கெல்லாம் நீங்க நன்றி சொல்லிட்டா, அவர் செய்ய வேண்டியதை அவர்கிட்ட யார் கேக்கிறது?"

செக்ரட்டரி வெளிறிப்போய் எழுந்தார், உட்கார்ந்தார். யாரோ இருமினார்கள். பாஸ்டர் மேடையைவிட்டு இறங்கி வந்தார். நாற்காலிக்கு முன்னால் நின்று பெல்ட்டைப் பார்த்தார். சிரிப்பு எப்போதோ போய்விட்டிருந்தது.

"சிஸ்டர், எனக்கு என்ன சொல்றதுன்னு தெரியல."

"தெரியலன்னா சொல்லாதீங்க."

"ஜெபம் பண்ணலாமா?"

"இல்ல!" என்றார் பேஸ் அண்ணன், பழைய அடிக்குரலில், கிடங்கு முழுக்கக் கேட்கிற மாதிரி.

இரண்டு பெஞ்சுக்காரர்களுக்குச் சிரிப்பு வந்து வாயைப் பொத்திக்கொண்டார்கள். பாஸ்டர் சிரிக்கவில்லை. நின்றபடியே கண்ணை மூடினார். வழக்கமாக மழைபோலக் கொட்டுகிற மனிதர். இன்றைக்கு வார்த்தை ஒவ்வொன்றையும் தேடி எடுத்தார்.

"ஆண்டவரே, இவர் சுகமாகல. சுகமாயிட்டாருன்னு உம்ம பேர்ல நாங்க பொய் சொல்லிட்டோம். இவர் சுகமாகல. ஏன்னு எங்களுக்குத் தெரியல."

அங்கேயே நிறுத்திவிட்டார். அவ்வளவுதான் ஜெபம். யாரும் ஆமென் சொல்லவில்லை, என்ன சொல்வது என்று யாருக்கும் விளங்கவில்லை. அந்த அமைதியில் "ஆமென்" என்று ஒரு குரல் கேட்டது. அது தன் குரல்தான் என்று குஷனம்மாவுக்கு ஒரு கணம் கழித்தே உறைத்தது. சொல்ல வேண்டும் என்று அவள் நினைக்கவேயில்லை. பதினாலு மாதத்தில் அந்த இடத்திலிருந்து மேலே போன முதல் உண்மையான பேச்சு அதுவாக இருந்ததால் வாய் தானாகத் திறந்துவிட்டது. அதற்கும் அவளுக்குக் கோபம் வந்தது. மைக்கை வைத்துவிட்டு, நாற்காலியைத் திருப்பி, வாசலைப் பார்த்துத் தள்ளினாள்.

கடைசிப் பெஞ்சைத் தாண்டும்போது ஒரு கை நாற்காலியைப் பிடித்தது.

லாண்டரியில் வேலை பார்க்கிற பெண் அது. எப்போதும் வாசலோரக் கடைசிப் பெஞ்சு, எப்போதும் மடியில் ஒரு பெண்குழந்தை. குழந்தை என்று பழக்கத்தில் சொல்வதுதான். ஒன்பது வயது, கால்கள் மடியைத் தாண்டித் தரையைத் தொட்டன. கழுத்து நிற்காது. தாயின் தோளில் தலை சாய்ந்தே இருக்கும்.

"அக்கா, ஒரு நிமிஷம்," என்றாள் அவள். பார்வை பேஸ் அண்ணன் மேல் இல்லை, நாற்காலியின் பக்க அணைப்பில் இருந்தது. "இதுக்கு உள்ள என்ன வெச்சிருக்கீங்க? தலையணை வெச்சா அமுங்கிப் போயிருதுக்கா. இவ சரிஞ்சுர்றா."

"தலையணை நிக்காது. கெட்டி ஃபோம் வேணும், மேல மெத்துன்னு ஒரு அங்குலம்," என்று தொழில் வாய் பதில் சொல்லிவிட்டது. "வீட்டுல எப்படி உக்கார வெக்கிறீங்க?"

"மடியிலதான்."

"எப்பவுமா?"

"தூங்கும்போது கீழ போடுவேன். வேலை நேரத்துல துணி மூட்டையில சாச்சு வெப்பேன்."

"ஒன்பது வருஷமா?" குஷனம்மாவின் குரல் உயர்ந்தது. "தாள்ல போடலையா? ஆள் அனுப்பலையா?"

"போட்டாங்கக்கா. இவளுக்கு ரெண்டு வயசுல வலிப்பு வந்து காய்ச்சல் இறங்காம கிடந்தாளே, அப்ப போட்டாங்க. காய்ச்சல் இறங்குச்சு. ஸ்தோத்திரப் பக்கத்துக்கு மாத்திட்டாங்க." அவள் குழந்தையின் வாயோரத்தைத் துடைத்தாள். "எல்லாரும் அவ்வளவு சந்தோஷப்பட்டாங்க. நீங்கதான்க்கா முதல்ல எந்திரிச்சுக் கை தட்டினீங்க. அப்புறம் எப்படிக்கா இல்லன்னு சொல்றது?"

குற்றம் சாட்டுகிற குரலே இல்லை. நேற்று மழை பெய்தது என்கிற மாதிரி சொன்னாள். குஷனம்மாவுக்கு அந்த ஞாயிறு ஞாபகம் வந்தது. பச்சைப் புடவை கட்டியிருந்தாள். உள்ளங்கை சிவக்கத் தட்டினாள். மூன்று பெஞ்சு முன்னால் அவளுடைய இடம், அதன்பிறகும் புருஷன் விழுகிறவரை அதே இடம். ஒரு நாள் திரும்பிப் பார்க்கவில்லை. இவ்வளவு நேரம் சபையைப் பார்த்துச் சொன்னதெல்லாம் திரும்பி வந்து அவளுடைய முகத்திலேயே அறைந்தது.

பின்னாலேயே ஓடிவந்த செக்ரட்டரி இதைக் கேட்டுவிட்டார். கண் கலங்கியிருந்தது. "பாத்தீங்களா சிஸ்டர், ஒருவேளை இதுக்காகத்தான் கர்த்தர் பிரதரை..."

"நிறுத்துங்க." அவள் போட்ட சத்தத்தில் முன்பெஞ்சு திரும்பியது. "ஒரு நாற்காலி தெக்கிறதுக்காக ஒரு மனுஷனை அடிச்சு வீழ்த்துற ஆண்டவரை எனக்குத் தெரியாது. அவரை நான் கும்பிடவும் மாட்டேன். இவர் விழுந்ததுக்கு எனக்குக் காரணம் தெரியல, உங்களுக்கும் தெரியல. தெரியாததைத் தாள்ல போடாதீங்க. தெரிஞ்சதைப் போடுங்க. நாலாம் நம்பர் இடது பக்கம். இந்தப் பிள்ளையும் இடது பக்கம். நாளைக்கே போடுங்க."

அவர் பாக்கெட்டிலிருந்து பேனாவை எடுத்து உள்ளங்கையிலேயே எழுதிக்கொண்டார். அவள் கைப்பையைத் திறந்து அளவு நாடாவை எடுத்தாள். கிடங்கின் தரையில் முட்டி போட்டு, குழந்தையின் இடுப்பகலம் எடுத்தாள், முழங்காலின் மடிப்புவரை நீளம் எடுத்தாள், அக்குளிலிருந்து உட்காருமிடம்வரை உயரம் எடுத்தாள். குழந்தை அவளைப் பார்த்துச் சிரித்தது. தாளில் பெயரை இரண்டு பக்கத்திலும் அடிக்கச் சொல்ல வந்தவள், பெஞ்சில் கிடந்த அதே தாளை எடுத்து மடித்து அதன் ஓரத்தில் அளவுகளைக் குறித்துக்கொண்டாள். ஒரு வாரமாகப் பூட்டிவைத்திருந்த வாய் அதற்குள் உள்ளுக்குள்ளேயே ஆரம்பித்துவிட்டது. நான் மேல பாத்துக் கத்திட்டிருக்கேன், நீர் கடைசிப் பெஞ்சுல இந்தப் பொம்பளைகிட்ட உக்காந்திருக்கீர். குளியலறையிலயும் தரையிலதான் இருந்தீரா? சொல்லித் தொலைச்சிருக்கலாமே.

செவ்வாய்க்கிழமை ஒன்பது மணிக்குப் பிளம்பரும் வேன்காரரும் வந்தார்கள். ஒன்று, இரண்டு, மூன்று. தலை வாரி, பவுடர் போட்டுக் கடை வாசலில் உட்கார வைத்துவிட்டு, இடுப்பு உடைந்த பெரியவரைப் பார்க்கப் போனார்கள். அன்றிலிருந்து இரண்டு வீடும் அவர்கள் பொறுப்பு. பெல்ட்டின் மேல் மேல்துணி போடவில்லை. பார்க்கிறவர்கள் பார்த்துக்கொள்ளட்டும் என்று குஷனம்மா விட்டுவிட்டாள்.

அடுத்த செவ்வாய் பத்து மணிக்கு லாண்டரிப் பெண் லீவு சொல்லிவிட்டுக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்தாள். சின்ன நாற்காலி தயாராக இருந்தது. கழுத்தணைப்பு மட்டும் பாக்கி. குஷனம்மா மூன்று ஃபோம் துண்டுகளை எடுத்துக்கொண்டு போய்ப் புருஷனின் இடது கைக்கடியில் ஒன்றை வைத்தாள். கட்டைவிரலால் அமுக்கிப் பார்த்தார். "இல்ல." இரண்டாவதை அமுக்கினார். "இல்ல." மூன்றாவதை அமுக்கினார், விட்டார், மறுபடி அமுக்கினார். ஒன்றும் சொல்லவில்லை. துண்டைத் திருப்பிக் கொடுக்கவும் இல்லை. சரிந்து விழுந்த அந்த மத்தியானத்துக்குப் பிறகு அவர் பார்த்த முதல் வேலை அது. அவள் சுண்ணாம்புக் கட்டியால் குறி வைத்துக்கொண்டு வேறு பக்கம் திரும்பி மூக்கை உறிஞ்சினாள்.

அரை மணியில் கழுத்தணைப்பு உறைக்குள் போயிற்று. குழந்தையை உள்ளே இறக்கிப் பெல்ட்டைப் போட்டார்கள். தலை ஒரு பக்கம் சாய்ந்தது, அணைப்பில் போய் நின்றது, நின்றேவிட்டது. தெருவில் ஒரு சைக்கிள் போயிற்று. குழந்தை அதைக் கண்ணால் தொடர்ந்து கடைசிவரை பார்த்தது. தாய் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்தாள். மடி காலியாக இருந்தது. இரண்டு கையையும் என்ன செய்வது என்று தெரியாமல் முதலில் மடியில் வைத்தாள், பிறகு கட்டிக்கொண்டாள், பிறகு எடுத்துப் பார்த்துக்கொண்டேயிருந்தாள்.

குஷனம்மா மெஷினில் போய் உட்கார்ந்தாள். பல் டாக்டரின் நாற்காலித் துணி பாதியில் நின்றிருந்தது. ஊசிக்கடியில் துணியைத் தள்ளிக் காலை அழுத்தினாள்.

"ஒன்பது வருஷம்," என்று மெஷின் சத்தத்துக்கு மேல் சத்தமாகவே ஆரம்பித்தாள். "ஒன்பது வருஷம் என்ன பண்ணிட்டிருந்தீர்? மூணு பெஞ்சு முன்னாடி நான்தான் உக்காந்திருந்தேன், தெரியும். அதையும் சேத்துத்தான் கேக்கிறேன். இவருக்கும் இன்னும் நீர் ஒண்ணும் பண்ணல, அந்தக் கணக்கு அப்படியே நிக்குது. என் கோபம் தீந்துருச்சுன்னு நினைச்சுக்காதீர். கேட்டுட்டுத்தானே இருக்கீர்?"

ஸ்டூலில் இருந்த பெண் பயந்துபோய், "யார்கிட்டக்கா பேசறீங்க?" என்று கேட்டாள்.

"ஜெபம் பண்ணிட்டிருக்கேன்," என்றாள் குஷனம்மா. "நீயும் வா, உனக்கும் கேக்க வேண்டியது இருக்கும்."